ஒரு செம்புத் தண்ணீர்

முதல் நாள், புதன்: எழும்பூர் – காரைக்குடி

பல்லவன் எக்ஸ்பிரஸில் ஜன்னலோர சீட். விழுப்புரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலையில் தண்ணீர் கசிந்து என் முழங்கை நனைகிறது. எதிர் சீட்டுக்காரர் வெளியே பச்சையாகக் கிடக்கும் வயலைப் பார்க்கிறார். நான் தண்ணீர் எந்த இடுக்கில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரி மகள், வேறு எப்படி இருப்பேன்.

அப்பா போய் இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை திதி. சனிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தால் போதும்தான். ஆனால் நாலு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். தம்பியின் பைக்கில் உட்கார்ந்து, அப்பா கை பட்ட கட்டடங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். செட்டிநாட்டுக்கு அரண்மனை பார்க்க வருகிற கூட்டம் நிறைய. நான் பார்க்கப் போவது நெல் காயவைக்கும் களம், வாத்தியார் வீடு, டீக்கடை மாடி இந்த மாதிரி. யாரும் முன்னால் நின்று செல்ஃபி எடுக்காத இடங்கள்.

துணைக்கு அப்பாவின் அளவு நோட்டு. ஹார்டுவேர் கடையில் தை மாசம் சும்மா கொடுப்பார்களே, சட்டைப் பைக்குள் அடங்குகிற டைரி, அதுதான். தச்சுப் பென்சிலால் எழுதியது. 'கொத்து 4, நிமிந்தாள் 3, சித்தாள் 6' என்று கொத்தனார், கையாட்களின் ஆள் கணக்கு. அதற்குக் கீழே 'மில்லுக் களம் 80 x 120, வாட்டம் கிழக்கே.' அதற்கும் கீழே, அதே பென்சிலில், 'பாப்பா செருப்பு ஏழே கால் அங்குலம்.' பாப்பா நான்தான். செருப்புக் கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கமே கிடையாது. ராத்திரி நாங்கள் தூங்கும்போது டேப்பை வைத்துக் காலை அளந்துகொண்டு போய் வாங்கி வருவார். அரை அங்குலம் கூட்டித்தான் வாங்குவார், வளர்கிற கால் என்று.

'வாட்டம்' என்றால் சரிவு. கொத்தனார்கள் சொல்கிற வார்த்தை. தளம் போட்டால் தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும், அந்தச் சாய்மானம். அப்பாவுக்கு வீட்டின் அழகு, எலிவேஷன், இதிலெல்லாம் பெரிய அக்கறை இருந்ததில்லை. வாட்டம் சரியா, அவ்வளவுதான். புது வீட்டுக்கு யார் கூப்பிட்டாலும் ஒரு செம்புத் தண்ணீர் கேட்பார். குடிப்பதற்கு என்று நினைத்து எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவருவார்கள். "செம்புல குடுங்க" என்று வாங்கி, நேரே குளியலறைக்குப் போய்த் தரையில் ஊற்றிவிட்டு நிற்பார்.

சென்னையில் நான் பிளாட் வாங்கியபோதும் அதைச் செய்தார். தண்ணீர் ஓட்டையை நோக்கிப் போகாமல் எதிர் மூலையில் குளம் கட்டி நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துத் தானே தள்ளிவிட்டு வந்து, "காப்பி போடுத்தா" என்றார். எண்பது லட்சம் கொடுத்த வீடு. பதினோரு வருஷமாக அந்த மூலையைத் தினமும் நான்தான் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

காரைக்குடி வந்தாகிவிட்டது. தம்பி ரெயின்கோட்டோடு நிற்கிறான்.

இரண்டாம் நாள், வியாழன்: புதுவயல்

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி ரோட்டில் போனால் புதுவயல். கண்டனூரும் புதுவயலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஊர்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குக்கூட இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் நுழையும்போதே அவித்த நெல் வாசனை வரும். அரிசி மில்கள் நிறைந்த ஊர்.

எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து. 1978இல் அப்பா தன் கையால் கட்டியது. தரைத்தளம் மட்டும். மொட்டை மாடியின் நாலு மூலையிலும் மூலைக்கு நாலாகக் கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மாடியில் ஒரு ரூம் எடுப்பதற்காக விட்ட கம்பி. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நிற்கிறது. அம்மா அதில்தான் வடாம் துணி கட்டுவாள்.

காலையில் மாடிக்குப் போகும்போது கடைசிப் படியில் தம்பி மகன் தடுக்கி விழுந்தான். இதைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவுக்குப் படிக்கட்டு வராது. மற்ற எல்லாம் வரும். தூக்குக்குண்டு விட்டால் பத்தடிச் சுவரில் நூல் பிசகாது, ஆனால் படிக்கட்டுக் கணக்கு மட்டும் எங்கேயோ நழுவிவிடும். எல்லாப் படியும் ஏழு அங்குலம், மேல்படி மட்டும் நாலோ ஐந்தோ. காலைத் தூக்கி வைத்தால் தரை எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்துவிடும். விருந்தாளிகள் அத்தனை பேரும் தடுக்குவார்கள். வீட்டு ஆட்கள் தடுக்க மாட்டோம். அந்தப் பையன் மதுரையில் ஹாஸ்டலில் படிக்கிறான், கால் மறந்துவிட்டது.

பதினோரு மணிக்கு மில். 80 x 120 களம் அப்படியே இருக்கிறது. விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் பெயர்ந்திருக்கிறது. முதலாளியின் பேரன்தான் இப்போது பார்க்கிறார். டிரையர் மெஷின் வந்த பிறகு களத்தில் காயப்போடுவது குறைந்துவிட்டதாம். இருந்தாலும் அவித்த நெல்லைப் பரப்பிக் காலால் கிண்டிவிடுகிற பெண்கள் நாலு பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், மழை விடட்டும் என்று.

இந்தக் களம் போட்ட வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நானும் தம்பியும்தான் டியூப் பிடித்தோம். அளவு மட்டம் பார்க்க அப்போது எங்கள் ஊரில் யாரிடமும் மெஷின் கிடையாது. நீளமான, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணீர். ஒரு முனையை நான் ஒரு முளைக்குச்சியில் பிடிக்க, மறு முனையைத் தம்பி அடுத்த குச்சியில் பிடிக்க, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற இடம்தான் மட்டம். நடுவில் ஒரு குமிழி இருந்தாலும் கணக்குப் போச்சு. அப்பா டியூபை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை ஓட்டுவார். தம்பிக்குக் கை வலித்து முனையைக் கீழே போட்டால் தண்ணீர் எல்லாம் கொட்டிவிடும், மறுபடி முதலிலிருந்து. அப்பா திட்ட மாட்டார். திட்டினால் சீக்கிரம் முடியும், அவர் திரும்ப டியூபில் தண்ணீர் நிரப்பப் போய்விடுவார். அதுதான் தாங்காது.

மட்டம் கிடைத்த பிறகு அதிலிருந்து வாட்டம் விட வேண்டும். களத்துக்குப் பத்தடிக்கு ஒரு அங்குலம். 80 அடிக்கு எட்டு அங்குலம். மேற்கு ஓரத்தில் நிற்கிறவன் கிழக்கு ஓரத்தில் நிற்கிறவனைவிட எட்டு அங்குலம் உயரத்தில் நிற்கிறான், நடந்துபோனால் காலுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

மழை விட்டதும் தம்பி யாரிடமோ ஒரு செம்பு வாங்கி வந்தான். தேவையே இல்லை, களம் முழுக்க அப்போதுதான் மழை பெய்து நனைந்திருந்தது. ஆனாலும் ஊற்றினான். மெல்லிய நாக்கு மாதிரி நீண்டு கிழக்கே போனது. உட்கார்ந்திருந்தவர்களில் வயதான அம்மா ஒருவர், "மேஸ்திரி புள்ளைகளா? இந்தக் களத்துல மழ விட்டு அரை மணியில நெல்ல கொட்டிப்புடலாம். அந்தப் பக்கத்துக் களத்துல சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்றார். அந்தப் பக்கத்துக் களம் யார் போட்டது என்று தம்பி கேட்டுவிட்டான். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. நல்லவேளை, அப்பா இல்லை.

மூன்றாம் நாள், வெள்ளி: கானாடுகாத்தான், ஆத்தங்குடி

இன்று அரண்மனைகள். அப்பா கட்டியவை அல்ல. அவர் தொழில் கற்ற இடங்கள்.

கோட்டையூர், பள்ளத்தூர் பக்கமாகச் சுற்றிக்கொண்டு கானாடுகாத்தான் போனோம். மழை ஓய்ந்த காலை. அகலமான தெருக்கள், ஒவ்வொரு வீடும் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் கொல்லைவாசல் வைக்கிற நீளம். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனையை வெளியே நின்றுதான் பார்த்தோம். செட்டிநாட்டு ஊர்க் கூட்டங்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு தங்கும் விடுதிகள் பெருகியிருக்கின்றன. ஒரு வீட்டு வாசலில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார்: பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி. எல்லாம் வந்த ஊர்ப் பெயர். சுவர் எழுப்பிய ஆள் எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், இந்த வீடுகளில் காரை பூசியவர். அப்பா 1957இல் பதினாலு வயதில் அவரோடு வேலைக்குப் போனபோது அரண்மனை கட்டுகிற காலம் முடிந்திருந்தது. 1942இல் பர்மாவுக்குள் ஜப்பான்காரன் நுழைந்தான், செட்டியார்களின் கொடுக்கல் வாங்கல் அங்கே அதோடு சரிந்தது. அதற்குப் பிறகு இங்கே புது வீடு அபூர்வம், மராமத்துதான் மிச்சம். ஓடு மாற்றுவது, உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவது. அதில்தான் அப்பா கற்றுக்கொண்டார்.

பையனுக்குக் கொடுத்த முதல் வேலை முட்டை உடைப்பது. சிரிக்காதீர்கள். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சில் மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு. கடைசிப் பூச்சு வெண்ணெய் மாதிரி இருக்கும். அதைப் பூசிவிட்டு வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வேர்க்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்ப்பு. அப்பா சட்டியில் வெள்ளையைத் தனியாக, மஞ்சளைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பார். மஞ்சள் கரு சாயங்காலம் சித்தாள்களின் தூக்குச்சட்டிகளில் வீட்டுக்குப் போகும்.

முட்டையால்தான் பளபளப்பு என்று வழிகாட்டி சொன்னார். அப்பா கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். "முட்டை என்னத்தா முட்டை, நூறு முட்டை ஊத்தினாலும் தேய்க்கலைன்னா சுவர் சுவர்தான்" என்பார். அவர் வலது தோள் இடதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும். தேய்த்த தோள்.

மதியம் ஆத்தங்குடி. முதலில் ஒரு டைல்ஸ் பட்டறை. அப்பா என்னை ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அதே கொட்டகை போலத்தான் இருந்தது. ஓர் ஐயா சம்மணம் போட்டு உட்கார்ந்து, சதுரக் கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வேலை செய்த அச்சு. அச்சின் அறைகளில் சின்னக் கரண்டியால் கலர் சிமெண்ட் குழம்பை விடுகிறார், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல். அச்சை நேராக மேலே தூக்குகிறார். கை நடுங்கினால் கலர் கலந்துவிடும். பிறகு சிமெண்டும் மணலும் கலந்த உலர் பொடி ஒரு பிடி தூவல், அதன்மேல் ஈரக் கலவை, கரண்டியால் ஒரு வழி. முடிந்தது, அடுத்த கண்ணாடி. சூளை கிடையாது. தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைத்தால் சரி. கண்ணாடி பிரிந்து வரும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும்.

ஒன்று எடுத்து ஆறப்போட்டதைக் காட்டி, "இதுக்கு மேல பாலிஷ் எதுவும் வேணாம்மா. நடக்க நடக்கப் பளபளக்கும். வெறுமனே பூட்டி வச்சா மங்கிப்போகும்" என்றார். பூட்டி வைத்த வீடுகள் அந்தத் தெருவிலேயே ஏழெட்டு இருந்தன.

டிக்கெட் வாங்கி உள்ளே விடுகிற பெரிய வீட்டுக்குப் போனபோது மழை வந்தது. அதற்காகத்தான் வந்தோமோ என்று தோன்றிவிட்டது. திண்ணை, முகப்பு, பட்டாலை எல்லாம் கடந்து வளவுக்குள், அதாவது உள்கட்டுக்குள், நுழைந்தால் நடுவில் முற்றம். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் ஓரத் தூம்பில் சேர்ந்து நாலு மூலையிலும் குழாயாகக் கொட்டுகிறது. அந்தக் காலத்தில் அந்த மூலைகளில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது முற்றத்து ஓட்டை வழியாக வெளியே போய், தெருவோர வாய்க்காலில் சேர்ந்து, ஊருணிக்குப் போகும். வறண்ட சீமை. வானத்திலிருந்து வருகிற ஒரு சொட்டையும் விடக் கூடாது என்று கட்டிய வீடுகள்.

கூட வந்த கூட்டம் தூணையும் கூரையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நானும் தம்பியும் முற்றத்தின் கல் தளத்தையே பார்த்தோம். அவ்வளவு மழைக்கும் ஓர் அங்குலம்கூட நிற்கவில்லை. தம்பி மெதுவாக, "ஐயா போட்டதா இருக்குமோ?" என்றான். இருக்காது. ஐயா இந்த ஊரில் வேலை பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் நான் இல்லை என்று சொல்லவில்லை.

நான்காம் நாள், சனி: காரைக்குடி, தேவகோட்டை

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள். எனாமல் தட்டு, ஊறுகாய் ஜாடி, மரப்பாச்சி, பிரித்த வீடுகளின் தூண்கள், நிலைக்கதவுகள். அப்பா ஒரே ஒரு முறை வீடு பிரிக்கிற காண்டிராக்ட் எடுத்தார். பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் விற்ற வீடு. ஒவ்வொரு மரத்திலும் சாக்பீஸால் நம்பர் போட்டு, எது எதோடு சேரும் என்று நோட்டில் படம் வரைந்து வைத்தார், வாங்குகிறவன் மறுபடி நிறுத்துவான் என்று. வாங்கினவர் தூண்களை மட்டும் லாரியில் ஏற்றினார். மீதி விறகுக் கடைக்குப் போனது. படம் வரைந்த நாலு பக்கமும் நோட்டில் இன்னும் இருக்கிறது. அந்தத் தெருவில் நான் எதுவும் வாங்கவில்லை.

ஒரு கடையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும். அது நன்றாகவே இருந்தது.

பிறகு தேவகோட்டை. நோட்டில் 'வாத்தியார் வீடு' என்று மட்டும் இருக்கும் வீடு. இதைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்கள். சின்ன வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா கட்டிய ஒரு வீடு ஒழுகியது, அந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை, இவ்வளவுதான்.

வாத்தியாரின் மகள்தான் இப்போது அங்கே இருக்கிறார். அவரும் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். யார் என்று சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். டீ வந்தது. தம்பி அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே குடித்தான்.

"ஒழுகலப்பா. இப்ப ஒழுகல" என்று சிரித்தார் அவர். அப்புறம் தானாகவே சொன்னார்.

1980. சிமெண்ட் பர்மிட்டில் கிடைத்த காலம். 1982இல்தான் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், முழுசாக எடுத்தது 1989இல். அதுவரை வீடு கட்டுகிறவன் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். வாத்தியார் நடந்து நடந்து பர்மிட் வாங்கி மூட்டைகளை இறக்கிவிட்டார், அதற்குள் கையில் காசு தீர்ந்துவிட்டது. மூட்டைகள் நடுக்கூடத்தில் ஆறு மாசம் கிடந்தன. சிமெண்ட் மூன்று மாசம் தாண்டினாலே வலு குறைய ஆரம்பித்துவிடும். அதுவும் ஒரு மழைக்காலம் தாண்டிய மூட்டை. பிரித்தபோது பாதி கட்டி தட்டியிருந்தது.

"மேஸ்திரி வேணாம்னாரு. கையில எடுத்து நசுக்கிக் காட்டுனாரு. எங்க அப்பாதான், மறுபடி பர்மிட்டுக்கு எங்க போறது, சலிச்சுப் போடுங்கன்னு சொல்லிட்டாரு. நான் பக்கத்துலயே நின்னேன், காலேஜ் லீவுக்கு வந்திருந்தேன். அந்த ஐப்பசியிலயே கூரை ஒழுகுச்சு. நாலு இடத்துல குண்டான் வச்சோம். எங்க அப்பா ஒரு வார்த்தை சொல்லல, அவருக்குத் தெரியும்ல. உங்க அப்பாவே தையில ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து மேல பூராத்தையும் கொத்தி எடுத்துட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அஞ்சாறு பொம்பளைக உட்கார்ந்து கட்டையால தட்டுனாங்க பாருங்க, மூணு நாளு தட்டுனாங்க. அதுக்கு மேல தட்டோடு பதிச்சாங்க. காசு குடுத்தா வாங்கல."

ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"வேணாம்னு சொல்லிட்டும் போட்டது என் கைதானேன்னாரு."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் கோபம்தான் வந்தது. கலவை சரியில்லை என்று தெரியும், தெரிந்தே போட்டாய். போடாமல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். அல்லது போட்ட பிறகு, ஆகிற செலவில் பாதியாவது வாங்கியிருக்கலாம். இரண்டும் இல்லை. அந்த வருஷம் அம்மாவின் கழுத்தில் நூல்தான் கிடந்தது, மஞ்சள் நூல். ரெட்டைவடச் சங்கிலி எங்கே போனது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, எட்டு வயது. இன்றைக்கு அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டியது.

மாடியைப் பார்க்கக் கூட்டிப் போனார். தட்டோடு இன்னும் கெட்டியாக இருக்கிறது, ஒரு மூலையில் மட்டும் பாசி. கடைசிப் படியில் நான் தடுக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த தம்பியும் தடுக்கவில்லை. டீச்சர்தான் நின்று எங்களைப் பார்த்தார். "இந்தப் படியில விழாத ஆளே கிடையாது. எப்படிப்பா?" என்றார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு: வீடு

காலையில் திதி. அக்கா குடும்பம் பரமக்குடியிலிருந்து வந்துவிட்டது. அப்பாவிடம் வேலை பார்த்த இரண்டு கொத்தனார்களும் வந்தார்கள். ஒருவர் இப்போது சிங்கப்பூர் போய்த் திரும்பிய ஆள், இன்னொருவருக்குப் பார்வை சரியில்லை. பழைய சித்தாள் ஒருவர் வந்து அடுப்படியில் அம்மாவோடு உட்கார்ந்துகொண்டார். சனிக்கிழமை சாயங்காலங்களில் இவர்கள் எல்லாரும் எங்கள் திண்ணையில்தான் இருப்பார்கள். அப்பா ஆளுக்கு ஆள் எண்ணிக் கொடுத்துவிட்டு, கடைசியாக மிஞ்சியதை அம்மாவிடம் நீட்டுவார். மிஞ்சுவது நோட்டாக இருந்தால் அன்றைக்குப் பரோட்டா. சில்லறையாக இருந்தால் ரசம். பார்வை சரியில்லாதவர் அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

படையல் முடிந்து அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். தேவகோட்டை போனோம், வாத்தியார் மகளைப் பார்த்தோம், சங்கிலி அதற்குத்தான் போனதா?

"ஆமா" என்றாள்.

"அப்பா கேட்டாரா?"

"அவரு எங்க கேட்டாரு. மூணு நாளாச் சோறு எறங்காம உக்காந்திருந்தாரு. நாந்தான் கழட்டிக் குடுத்தேன்."

"மீட்டாச்சா?"

"ரெண்டு வருசத்துல மீட்டாச்சு. அப்புறம் உங்க அக்கா கல்யாணத்துக்குப் போயிருச்சு." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். "மாடிக்கு வச்சிருந்ததும் அதோட போச்சு. சிமெண்டுக்கும் கம்பிக்கும் சேத்து வச்சிருந்தாரு."

அக்காவுக்கும் இது தெரியாது. தம்பி எழுந்து போய் அப்பாவின் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தான். உள்ளே தூக்குக்குண்டு, அதன் நூல் சுற்றிய கட்டை, மட்டம் பார்க்கிற ரசமட்டம், பூச்சைத் தேய்த்துத் தேய்ந்துபோன ஒரு மணியாசுக் கட்டை. தூக்குக்குண்டின் கட்டை எவ்வளவு அகலமோ குண்டும் சரியாக அவ்வளவு குறுக்களவு. கட்டையைச் சுவரின் மேலே வைத்துக் குண்டைத் தொங்கவிட்டால், கீழே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர் அதை எடுத்து எங்கள் கூடத்துச் சுவரில் விட்டுப் பார்த்தார். ஆடி நின்றது. ஒன்றும் சொல்லாமல் சுற்றி வைத்தார்.

அடியில் டைரிகள். ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள், 1981லிருந்து. நான் கொண்டு வந்தது அதற்கு முந்தையது. சும்மா பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு வருஷ டைரியிலும் முதல் பக்கத்தில், வேறு எதுவும் எழுதாமல், ஒரே வரி. 'நம்ம மாடி 10 x 16.' 1983இல் இருக்கிறது. 1990இல் இருக்கிறது. 2004இல் எழுத்து கொஞ்சம் கோணல். கடைசி டைரி 2019. அதிலும் இருக்கிறது.

மனையடி சாஸ்திரத்தில் பத்தும் பதினாறும் நல்ல அளவு. கட்டுகிறவர்கள் சாஸ்திரத்தை நீட்டினால், "காத்து வர்ற மாதிரி ஜன்னல் வைங்க, அளவெல்லாம் தன்னால நல்லதாயிரும்" என்று பேசுகிற மனிதர் அவர். தன் மாடிக்கு மட்டும் பார்த்திருக்கிறார்.

மூன்று மணிக்கு மழை இடைவெளி விட்டது. தம்பி கடையிலிருந்து ஐந்து கிலோ சிமெண்ட் சில்லறையாக வாங்கி வந்திருந்தான். எதற்கு என்றேன்.

"கம்பிக்கு. போன வருஷம் அடிக்கல."

மறந்தே போயிருந்தேன். வெளியே விட்ட கம்பி துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்துத் தடவுவார்கள், சிமெண்ட் பால் என்று பெயர். தீபாவளிக்குப் பிறகு ஒரு வெயில் நாள் பார்த்து அப்பா பதினாறு கம்பிக்கும் அடிப்பார். மற்ற வீடுகளில் அப்படி விட்ட கம்பிகளெல்லாம் துரு தின்று பாதியாகிவிட்டன. எங்களுடையது இன்னும் முழுசு. கைக்குக் கை கனத்துப் போய், சாம்பல் நிறத்தில், வருஷத்துக்கு ஒரு தோலாக.

பழைய பெயிண்ட் டப்பாவில் கரைத்தோம். இன்றைக்கு வெயில் இல்லை, காயாது என்றேன். "நாளைக்கு நீ போயிருவியே" என்றான். ஆளுக்கு ஒரு பிரஷ். கொக்கியாக வளைந்த நுனியை விட்டுவிடக் கூடாது, அங்கேதான் தண்ணீர் நிற்கும். தென்மேற்கு மூலையில் அம்மாவின் வடாம் துணி கட்டிய நைலான் கயிறு மூன்று முடிச்சு. அவிழ்க்காமல் அதன் மேலேயே அடித்தேன்.

பதினாலாவது கம்பியில் தூறல் விழுந்தது. தம்பி, "பால் கவர், பால் கவர்" என்று கத்திக்கொண்டு கீழே ஓடினான். நான் மீதி இரண்டையும் அவசரமாக அடித்துக்கொண்டிருந்தபோது அவனும் அவன் மகனும் அடுப்படிப் பரணில் அம்மா கழுவிச் சேர்த்து வைத்திருந்த பால் கவர்களை அள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். தம்பி மகன் கடைசிப் படியில் தடுக்கி, விழாமல் சமாளித்து, "இந்தப் படிய ஒரு நாளைக்கு இடிச்சுக் கட்டுங்கப்பா" என்றான்.

"வாயை மூடிட்டு ரப்பர் பேண்டை எடு" என்றான் தம்பி. கம்பிக்கு ஒரு கவராக மாட்டிக்கொண்டே போனோம்.